குரல்கள் ஓய்ந்த பிறகு

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்றதும் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் ஒரே சித்திரம்தான். தனக்குத்தானே பேசியபடி தெருவில் நடப்பவர், யாரோ தன்னை வேவு பார்ப்பதாக நம்புகிறவர், காதில் விழும் குரல்களுக்குப் பதில் சொல்கிறவர். உலகில் ஏறத்தாழ 345 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் பலருக்கு, மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டால், குரல்களும் சந்தேகங்களும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தணிகின்றன. வீட்டில் இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள். இனி படிப்பைத் தொடரலாம், வேலைக்குப் போகலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் அங்கேதான் முட்டிக்கொள்கிறது. இந்த நோயில் ஒருவர் தன் காலில் நிற்பதைத் தடுப்பது குரல்களைவிட அறிதிறனில் ஏற்படும் குறைபாடுதான் என்றும், நாம் அதை நோயாகப் பார்க்காமல் குணமாகப் பார்ப்பதால் அந்தத் தடையை நாமே இரட்டிப்பாக்குகிறோம் என்றும் இன்று வாதிட விரும்புகிறேன்.

குறைபாடு என்றால் என்ன குறைபாடு? மொழி போய்விடுவதில்லை, பெற்றோரின் முகம் மறந்துபோவதில்லை. பேசிப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் கடைக்குப் போய்க் காப்பித்தூள், தீப்பெட்டி, அரை லிட்டர் பால் வாங்கி வரச் சொன்னால், பாலோடு மட்டும் திரும்பி வரலாம். சொன்னது காதில் விழுந்தது, புரிந்தது. மூன்றையும் சேர்த்து மனத்தில் பிடித்துக்கொண்டே தெருவைக் கடக்க முடியவில்லை. நான்கு பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் வேகத்தில் பின்தொடர முடிவதில்லை. அதனால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். விருந்தாளிகள் முன்னால் மரியாதை தெரியவில்லை என்று பெயர் வருகிறது. வங்கியில் ஒரு படிவத்தை நிரப்புவதற்குள் எந்தக் கட்டத்தில் இருந்தோம் என்பது நழுவுகிறது. குளிக்க வேண்டும் என்று தெரியும். துண்டு எடுப்பது, தண்ணீர் பிடிப்பது, மாற்றுடை தேடுவது என்று எந்த வரிசையில் தொடங்குவது என்பதுதான் தடுமாற்றம். எதிரில் இருப்பவர் கேலியாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கணிப்பதும் இதில் சேரும். கவனம், ஞாபகம், சிந்தனையின் வேகம், திட்டமிடல், பிறர் மனத்தைப் படித்தல் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைகிறது. தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயங்கள். ஒரு நாள் முழுவதும் சேர்ந்தால் அது ஒரு வாழ்க்கையையே முடக்கப் போதுமானது.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நோயைத் தனி நோயாக வரையறுத்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின், அதை இளமையிலேயே வரும் அறிவுத் தேய்வு என்றே வகைப்படுத்தினார். இன்றைய பெயரை 1908இல் தந்த சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், குரல் கேட்பதையும் வீண் நம்பிக்கைகளையும் துணை அறிகுறிகள் என்றே கருதினார். எண்ணங்களைக் கோக்கும் இழை தளர்வதுதான் அவருக்கு அடிப்படை. பிறகு 1952இல் பாரிஸில் குளோர்புரோமசீன் மருந்து வந்தது. குரல்களை அடக்க முதல்முறையாக ஒரு வழி கிடைத்தது. அது மனிதகுலத்துக்குக் கிடைத்த பெரிய பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் எதற்கு மருந்து இருந்ததோ அதுவே நோய் என்றாகிவிட்டது. மருந்து தொடாத பகுதி மருத்துவர்களின் கண்ணிலிருந்தே பல பத்தாண்டுகள் விலகிப்போயிற்று. அதற்கு நாம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? ஹைன்ரிக்ஸ், சக்சானிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 204 ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ எல்லா அறிதிறன் சோதனைகளிலும் நோயாளிகளின் சராசரி, நலமாயிருப்பவர்களின் சராசரிக்குக் கீழே இருந்தது. கேட்ட சொற்களை நினைவில் வைத்துச் சொல்வதில் இடைவெளி மிகப் பெரிது. சராசரி என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தச் சோதனைகளில் இயல்பான மதிப்பெண்ணே பெறுகிறார். எல்லோரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. அதற்கு முன்பே, 1996இல், மைக்கேல் கிரீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறொரு கேள்வி கேட்டார்: ஒருவர் சமூகத்தில் எவ்வளவு இயங்குகிறார், புதிய திறன்களை எவ்வளவு கற்றுக்கொள்கிறார் என்பதை எது முன்கூட்டிச் சொல்கிறது? அவர் திரட்டிய ஆய்வுகளில் குரல்கள், பிரமைகளின் கடுமை அதை அவ்வளவாகச் சொல்லவில்லை. நினைவும் கவனமும் சொல்லின. அறிதிறன் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஊக்கமே எழாமல் போவது, வறுமை, வீட்டின் சூழல், ஒதுக்கிவைக்கும் ஊர் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் குரல் நின்றும் ஏன் இவரால் வேலையில் நிலைக்க முடியவில்லை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இங்கே பல குடும்பங்கள் எழுப்பும் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் அந்த மாத்திரையால் வந்தது. மாத்திரை போடுவதற்கு முன் பிள்ளை நன்றாகத்தான் இருந்தான் என்பார்கள். இந்த ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆகவே அவசரமாகத் தள்ளக் கூடாது. முதலில் மறுபாதி. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளைச் சிறு வயதிலிருந்து இன்றுவரை தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். பின்னாளில் இந்த நோய் வந்த சிலரின் பழைய மதிப்பெண்களைத் திரும்பப் பார்த்தபோது, அவர்கள் பள்ளிப் பருவத்திலேயே சில திறன்களில் பின்தங்கியிருந்தார்கள். வேறு சில திறன்களில் மற்றப் பிள்ளைகளின் வேகத்துக்கு வளரவில்லை. அப்போது எந்த மாத்திரையும் அவர்கள் வாய்க்குள் போயிருக்கவில்லை. நோய் வராத உடன்பிறந்தவர்களிடமும் இதே குறைபாட்டின் மெல்லிய சாயல் காணப்படுகிறது. கிரேப்பலின் எழுதிய காலத்திலோ இன்றைய மருந்துகளில் ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே வேர் நோயில்தான் இருக்கிறது.

ஆனால் மருந்து அதன்மேல் சுமை ஏற்ற முடியும் என்பதும் உண்மை. தேவைக்கு அதிகமான அளவு மந்தத்தைக் கூட்டும். அதைவிட நாம் கவனிக்காமல் விடுவது, கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் சேர்த்து எழுதும் டிரைஹெக்ஸிஃபெனிடில். நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் பேசிட்டேன் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமானது. இதுவும் இதைப் போன்ற மருந்துகளும் மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. புதிதாக ஒன்றைக் கற்று நினைவில் பதிப்பதற்கு அந்த வேதிப்பொருள் தேவை. இத்தகைய மருந்துகளின் மொத்தச் சுமை கூடக் கூட நோயாளிகளின் அறிதிறன் மதிப்பெண் குறைவதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நடுக்கம் இருந்தபோது தொடங்கிய மாத்திரை, நடுக்கம் போன பிறகும் ஆண்டுக்கணக்கில் சீட்டில் தொடர்வதுண்டு. இது இன்னும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. கேளுங்கள், தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். முக்கிய மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். திரும்பிய நோய் அறிதிறனுக்கும் நல்லதில்லை.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கசப்பானது. அது சபையில் வாதமாக வருவதில்லை. வீட்டுக்குள் வசவாக வருகிறது. சோம்பேறி, திமிர், வேண்டுமென்றே செய்கிறான், சாப்பிட மட்டும் மறக்காதா என்றெல்லாம் கேட்கிறோம். பசி உடம்பிலிருந்து தானாக எழுந்து தன்னை நினைவூட்டிக்கொள்கிறது; பகல் பதினொன்றரைக்கு மாத்திரை போட வேண்டும் என்பதை எதுவும் உள்ளிருந்து நினைவூட்டுவதில்லை. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. இது வெறும் மனம் நோகும் விஷயமாகவும் நின்றுவிடுவதில்லை. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகளும், 1976இல் வான், லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வும், ஓயாத குறைகூறலும் பகையும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு நோய் மறுபடி முற்றும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. எந்த வீடுகளில் குறைகூறல் மிகுகிறது என்று பின்னர் தேடியவர்கள் கண்டதுதான் என் வாதத்துக்கு மையமானது: நோயாளி நினைத்தால் மாற்றிக்கொள்ள முடியும், நினைக்க மாட்டேன் என்கிறார் என்று நம்பும் உறவினர்களே அதிகம் குறைகூறுகிறார்கள். சண்டிகரில் நடந்த ஆய்வில் இத்தகைய கடுமை லண்டன் குடும்பங்களைவிடக் குறைவாகவே இருந்தது என்பது நமக்கு ஆறுதல். ஆனால் அந்தப் பொறுமை கூட்டுக்குடும்பங்கள் மிகுந்திருந்த காலத்தில் அளக்கப்பட்டது. இன்று இரண்டு அறை வீட்டில், ஓய்வூதியத்தை நம்பி, வயதான தாய் தகப்பனே முழுப் பாரத்தையும் தாங்கும்போது அந்தப் பொறுமை எவ்வளவு நாள் தாங்கும்? அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்துச் சீட்டைக் கொடுத்தனுப்பிய நாம், இதுவும் நோய்தான் என்ற ஒரு வாக்கியத்தை அவர்களிடம் சொல்லாமல் விட்டோம்.

படித்தவர்களிடமிருந்து வேறொரு ஆட்சேபம் வரும். கணிதவியலாளர் ஜான் நாஷுக்கும் இதே நோய்தானே, அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையா என்பார்கள். எ பியூட்டிஃபுல் மைண்ட் படம் இந்த எண்ணத்தைப் பரப்பியது. அவருக்கு 1994இல் பரிசு வாங்கித் தந்த ஆய்வு 1950 வாக்கில் எழுதியது. நோய் வெளிப்பட்டது 1959இல். நடுவில் பல பத்தாண்டுகள் போயின. எலின் சாக்ஸ் போல, நோயோடு வாழ்ந்துகொண்டே சட்டப் பேராசிரியராகப் பணியாற்றி, தன் நோயைப் பற்றியே நூல் எழுதியவர்களும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அசாதாரணமான ஒருவரின் பெயரைச் சொல்லி, பத்தாம் வகுப்போடு நின்றுபோன இளைஞரை நீ ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்பது நியாயமாகாது. இதற்கு நேர் எதிரான ஆட்சேபமும் உண்டு: ஏற்கெனவே பைத்தியம் என்ற பழி, அதன்மேல் மூளையும் சரியில்லை என்று நீங்களே முத்திரை குத்துகிறீர்களே? இந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் சொல்லாமல் விட்டால் குறைபாடு மறைந்துவிடுவதில்லை. சோம்பல் என்ற பெயரில் அது ஏற்கெனவே வீட்டுக்குள் உலவுகிறது. இது முதுமையில் வரும் அல்சைமர் நோயைப் போல விடாமல் சரிந்துகொண்டே போவதும் இல்லை. சில திறன்கள் ஆண்டுகள் போகப் போகக் குறைவதாகச் சில நீண்டகால ஆய்வுகள் காட்டினாலும், பெரும்பாலோரிடம் பெரும்பகுதிக் குறைபாடு நோயின் தொடக்கத்திலேயே வந்து, பிறகு ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறது. நிலையாக நிற்கும் ஒன்றைச் சுற்றி வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியும்.

எப்படி அமைப்பது? மாத்திரை ஒன்று வரும் என்று காத்திருக்கலாமா? அமெரிக்காவில் 1,493 நோயாளிகளை வைத்துப் பழைய, புதிய மருந்துகளை ஒப்பிட்ட கேட்டி ஆய்வில், எல்லா மருந்திலும் அறிதிறன் சிறிதளவே உயர்ந்தது. எந்தப் புதிய மருந்தும் பழையதை விஞ்சவில்லை. அறிதிறனுக்கென்றே உருவாக்கி, மிகுந்த நம்பிக்கையோடு பரிசோதித்த ஐக்லெபெர்டின் என்ற மருந்து, மூன்றாம் கட்ட ஆய்வுகளில் பலன் காட்டவில்லை என்று 2025 ஜனவரியில் தெரியவந்தது. முயற்சிகள் தொடர வேண்டும். ஆனால் இன்று நாற்பது வயதில் இருப்பவரிடம் நாளைய மருந்தைக் காட்டிப் பொறுத்திருக்கச் சொல்ல முடியாது. மருந்தில்லாத வழிகளில் ஓரளவு பலன் உறுதியாகியிருக்கிறது. அறிதிறன் பயிற்சி பற்றிய 130 ஆய்வுகளை, 8,851 பங்கேற்பாளர்களோடு, 2021இல் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் மிதமானது, ஆனால் அது சோதனை மதிப்பெண்ணோடு நிற்காமல் அன்றாட வாழ்விலும் சிறிது தெரிந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து வழிநடத்தி, மறுவாழ்வுப் பணியோடு இணைத்துச் செய்தபோது பலன் கூடியது. குறைவாகப் படித்தவர்களே அதிகம் பயனடைந்தார்கள் என்ற முடிவை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்க முடியும்? இதற்குக் கணினியும் கட்டாயமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் தானியங்களைக் கலந்து பிரிப்பது, தாளில் குறிப்பிட்ட எழுத்தைத் தேடி அடிப்பது போன்ற எளிய பயிற்சிகளைக் கவனத்தை வளர்க்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூச்சு வாங்கும்படி வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சிக்கும் ஓரளவு பலன் உண்டு.

எனினும் என் நம்பிக்கை அதிகம் சாய்வது இன்னொரு பக்கம். டெக்சஸில் டான் வெல்லிகன் குழுவினர் மூளையை மாற்ற முயலாமல் வீட்டை மாற்றினார்கள். நோயாளியின் வீட்டுக்கே போய், எதைத் தொடங்கத் தடுமாறுகிறார், எதில் கவனம் சிதறுகிறார் என்று பார்த்தார்கள். தொடங்கத் தடுமாறுகிறவருக்குத் தேவையான பொருளை அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்தார்கள். கவனம் சிதறுகிறவருக்குத் தேவையற்றதைக் கண்ணிலிருந்து அகற்றினார்கள். நம் வீடுகளில் இதற்குப் பெரிய செலவு வராது. சுவரில் தொங்கும் கிழிக்கும் காலண்டரில் அந்தந்த நாள் தாளிலேயே மாத்திரை நேரத்தையும் ஊசி போடும் தேதியையும் எழுதிவிடலாம். காலை மாத்திரை, பல் துலக்கும் இடத்திலேயே இருக்கலாம். சட்டையும் வேட்டியும் ஒரு செட்டாக மடித்து வைக்கலாம். மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றைச் சொல்லி, அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லலாம். கடைக்குப் போகிறவர் கையில் சீட்டு கொடுக்கலாம். இதை வீட்டார் மட்டும் சுமக்கவும் வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பகுதி உட்பட இந்தியாவில் மூன்று இடங்களில் 282 நோயாளிகளோடு நடந்து 2014இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அறிதிறனை இலக்காகக் கொண்டதல்ல; ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாத, முறையாகப் பயிற்றுவித்த உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் உதவியபோது அறிகுறிகளும் இயலாமையும், வழக்கமான சிகிச்சையைவிடச் சிறிது கூடுதலாகவே குறைந்தன என்று காட்டியது. ஆள் இல்லை என்ற சாக்குக்கு அது பதில்.

இப்படி எல்லாவற்றையும் செய்துகொடுத்தால் எப்போதுதான் சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொள்வார் என்று கேட்பீர்கள். கையைப் பிடித்துச் செய்துவிடுவதும், அவரே செய்யும்படி வழியை எளிதாக்குவதும் ஒன்றல்ல. சீட்டைப் பார்த்துப் பால், காப்பித்தூள், தீப்பெட்டி மூன்றையும் வாங்கி வருகிறவர் அந்த வேலையைத் தானேதான் செய்கிறார். வேலை விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. முதலில் முழுத் தகுதி, பிறகு வேலை என்ற பழைய வரிசையை மாற்றி, முதலில் உண்மையான வேலை, அங்கேயே தொடர்ந்து ஆதரவு என்ற முறையை அமெரிக்காவில் டிரேக், பெக்கர் இருவரும் வளர்த்தெடுத்தார்கள். அந்த ஆதரவு கிடைத்தும் வேலையில் நிலைக்காத, கடும் மனநோயுள்ள 107 பேரிடம் சூசன் மெக்கர்க் ஓர் ஆய்வு செய்தார். அறிதிறன் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்கு வேலை கிடைத்தது. மற்றவர்களில் 36 சதவீதத்தினருக்கே கிடைத்தது.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்து, நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால் எல்லோருக்கும் புரிகிறது. மனச்சிதைவு உள்ள ஊழியருக்குச் சாய்தளம் என்பது எழுதிக் கொடுத்த வேலைப்பட்டியல், சத்தம் குறைந்த மூலை, ஒரு நேரத்தில் ஒரு பணி, பணிகளுக்கிடையே சிறு இடைவெளி. எந்த முதலாளிக்கும் இது கட்டுப்படியாகும். இயலாமைச் சான்றிதழ் வழங்கும் இடத்தில்தான் சிக்கல். ஐடியாஸ் என்ற இந்திய மதிப்பீட்டு முறை தன்னைப் பேணுதல், மனித உறவு, தொடர்பும் புரிதலும், வேலை என்ற நான்கையும் பார்க்கச் சொல்கிறது. அமைதியாக உட்கார்ந்து பெயரும் ஊரும் சரியாகச் சொல்கிறவரை, அவருக்கு என்ன குறை என்று ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டால், அந்த நான்கில் எதையும் பார்த்ததாகாது. இயலாமைச் சான்று வாங்கினால் முடிவெடுக்கும் உரிமை பறிபோகுமோ என்று அஞ்சவும் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுள்ளவருக்கும் தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற நிலையிலிருந்தே தொடங்குகிறது. தகவலை அவருக்குப் புரியும் எளிய மொழியிலோ, படம் முதலிய துணைகளைக் கொண்டோ தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அந்த வாசகம் புறநோயாளிப் பிரிவில் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே மருத்துவ நண்பர்களிடம் என் வேண்டுகோள். குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டதும் சீட்டு எழுதும் கை ஒரு நிமிடம் நிற்கட்டும். கடையில் சில்லறை சரிபார்த்து வாங்க முடிகிறதா, சினிமா பார்த்தால் கதை தொடர்கிறதா, காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்பதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பிறகு அதை நோயாளியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உடன் வந்த அம்மாவை அல்ல.